மண்ணடுக்குகளைப் படித்த மாமனிதர்

நுழையும்முன்

அணையாயினும் பாலமாயினும் வானளாவிய கட்டடமாயினும், அதன் உறுதி அடியில் கிடக்கும் நிலத்தின் தன்மையைப் பொறுத்தே அமைகிறது. ஆதலால் கட்டுமானப் பொறியியல் பயில்வோர்க்கு நிலவியல் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அத்துறைக்கு வழிகோலியவருள் ஒருவர், கல்லூரியில் பயிலாத நில அளவையரான வில்லியம் ஸ்மித்.

இளமையும் தொழிலும்

வில்லியம் ஸ்மித், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரைச் சேர்ந்த சர்ச்சில் என்னும் சிற்றூரில் 1769ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்த அவர், உழவரான தம் தந்தையின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்தார். அப்பகுதியில் பால்பண்ணைப் பெண்டிர், வயலில் கிடைத்த உருண்டைக் கற்களை வெண்ணெய் நிறுக்கும் எடைக்கற்களாகப் பயன்படுத்தினர். அவை பண்டைக் கடல் முள்ளெலிகளின் புதைபடிவங்கள் ஆகும். சிறுவன் ஸ்மித் அவற்றை வியப்புடன் சேகரித்தான். பதினெட்டாம் வயதில் எட்வர்டு வெப் என்னும் நில அளவையரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார்.

கால்வாய் கற்பித்த பாடம்

1791இல் சாமர்செட் பகுதிக்குச் சென்ற ஸ்மித், அங்குள்ள நிலக்கரிச் சுரங்கங்களுள் இறங்கி ஆய்ந்தார். பாறைகள் ஒழுங்கற்றுக் கிடக்கவில்லை. ஒரே வரிசையில் அடுக்கடுக்காக அமைந்திருந்தன. பின்னர் நிலக்கரியைக் கொண்டுசெல்லும் கால்வாய் ஒன்றின் அளவைப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. களிமண் நிலத்தில் வெட்டிய கால்வாய் நீரைத் தாங்கும். நுண்துளைகள் மிகுந்த பாறையில் வெட்டியதோ நீரைக் கசியவிடும். எனவே, வெட்டுவதற்கு முன்பே அடிநிலத்தை அறிதல் இன்றியமையாததாயிற்று.

ஆனால், வெவ்வேறு அடுக்குகளைச் சேர்ந்த களிமண் வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றின. அவற்றை வேறுபடுத்தும் வழியைப் புதைபடிவங்களே காட்டின. ஒவ்வோர் அடுக்கும் தனக்கே உரிய புதைபடிவங்களைக் கொண்டிருப்பதை ஸ்மித் கண்டறிந்தார். ஓரிடத்தில் கிடைத்த சிப்பியைக் கொண்டே, அது எந்த அடுக்கினது, அதன் மேலும் கீழும் எவை இருக்கும் என உரைக்கும் திறன் பெற்றார். 1799இல் கால்வாய்ப் பணியை இழந்தபோதும் அவர் சோர்ந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே பாத் நகரில், அடுக்குகளின் வரிசையை அவர் சொல்லச் சொல்ல, நண்பர்கள் எழுத்தில் பதிந்தனர்.

நிலமும் நீரும்

பாத் நகரைச் சுற்றிய குன்றுகளில் நிலச்சரிவுகள் நேர்ந்தன. மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் ஊடுருவிக் கீழுள்ள களிமண்மீது தேங்குகிறது. களிமண் நெகிழ, மேற்பகுதி சரிகிறது. சரிந்த மண்ணை முட்டுக்கொடுத்து நிறுத்துவதைவிட, நீரை வெளியேற்றுவதே தக்க தீர்வெனக் கண்ட ஸ்மித், வடிகால்கள் அமைத்தார். 1810இல் பாத் நகரின் வெந்நீர் ஊற்றுகள் வற்றியபோது, நீர் புதிய வழியில் பாய்வதைக் கண்டறிந்து மீட்டளித்தார். கரிய களிமண்ணைக் கண்டு நிலக்கரி கிடைக்குமென நம்பிப் பணத்தை இழந்தோர் பலர். அத்தகையோரை முன்கூட்டியே எச்சரித்தது அவர்தம் அறிவு.

வரைபடமும் வறுமையும்

தொழில்நிமித்தம் ஆண்டுதோறும் பல்லாயிரம் கல் தொலைவு பயணம் செய்த ஸ்மித், தாம் கண்டவற்றையெல்லாம் ஒரு பெரும் வரைபடமாக்கினார். 1815இல் வெளிவந்த அது, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவற்றைக் காட்டியது. எட்டு அடிக்கு மேல் உயரமும் ஆறு அடி அகலமும் கொண்டது. ஒவ்வொரு படியிலும் அடுக்குகளுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது.

எனினும், செல்வர் பலர் அங்கம் வகித்த லண்டன் நிலவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. அவர்தம் ஆய்வைப் பெரிதும் சார்ந்த மற்றொரு வரைபடத்தைக் கழகம் 1820இல் குறைந்த விலைக்கு விற்றது. இதற்கு முன்பே கல்குவாரி முயற்சி தோற்றுக் கடன் பெருகியது. தாம் சேகரித்த புதைபடிவங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு விற்றும் கடன் தீரவில்லை. 1819இல் ஏறத்தாழப் பத்து வாரம் கடனாளர் சிறையில் இருந்தார். வெளிவந்தபோது வீடும் உடைமையும் அவரிடம் இல்லை. நோயுற்ற மனைவியுடனும் தம்மிடம் வளர்ந்த உடன்பிறந்தாள் மகன் ஜான் பிலிப்ஸுடனும் வடபகுதி ஊர்களில் அளவைப் பணி செய்து வாழ்ந்தார்.

காலம் அளித்த நீதி

1831இல் அதே கழகம் தன் முதல் வொலாஸ்டன் பதக்கத்தை ஸ்மித்துக்கு அளித்தது. தலைவர் ஆடம் செட்ஜ்விக், அவரை ஆங்கில நிலவியலின் தந்தை எனப் போற்றினார். அடுத்த ஆண்டு அரசு ஓய்வூதியம் வழங்கியது. 1835இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி முனைவர் பட்டம் அளித்தது. 1838இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்குரிய கல்லைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம்பெற்றார். 1839 ஆகஸ்ட் 28ஆம் நாள் நார்த்தாம்ப்டனில் மறைந்தார்.

இன்று அடித்தளம் இடுவதற்கு முன் நிலத்தைத் துளையிட்டு, மண் மாதிரிகளை வரிசைப்படுத்தி ஆராய்கின்றனர். மண்ணைக் கேட்டறிந்த பின்னரே கட்ட வேண்டும் என்னும் நெறிக்கு ஸ்மித்தின் வாழ்வு சான்றாகத் திகழ்கிறது. ஒருகாலத்தில் அவரை ஏற்க மறுத்த கழகத்தின் மாளிகைச் சுவரில், அவர் வரைந்த வரைபடம் இன்று பெருமையுடன் காட்சியளிக்கிறது.