கிரீஷ் கண்ட நல்லிணக்கம்

குடியை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் ஒருவரது உள்ளத்தில் எழுந்ததும் கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது: யாரிடம் செல்வது? எந்தக் கூட்டத்தில் இகழ்ச்சியின்றி ஏற்றுக்கொள்வார்கள்? தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் சித்தூர் வட்டாரமானாலும் சரி, இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களானாலும் சரி, குடியால் நொந்த தமிழ்க் குடும்பங்களின் கேள்வி இதுவே. இதற்கு விடை தருகிறது கிரீஷ் சந்திர கோஷின் வாழ்க்கை.

1844 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவின் பாக்பஜாரில் பிறந்த கிரீஷ் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். கண்டித்து வளர்க்க ஆளின்றி மனம்போன போக்கில் வளர்ந்தார். பகலில் அலுவலகக் கணக்கு, இரவில் நாடகம் என்று வாழ்ந்த அவர் வங்க நாடக மேடையின் தலைசிறந்த ஆசிரியராகவும் நடிகராகவும் புகழ்பெற்றார். புகழோடு குடியும் வளர்ந்தது. கடவுள் இல்லை என்று வாதிட்டு வந்தவரை மனைவியின் மரணமும், உயிரைக் குடிக்க வந்த காலராவும் சிந்திக்க வைத்தன. ஆயினும் மனிதன் ஒருவனைக் குருவாக ஏற்க அவரது செருக்கு இடம் தரவில்லை.

1884 செப்டம்பர் 21-ஆம் நாள், கிரீஷ் எழுதிய சைதன்ய லீலை நாடகத்தைக் காண ஸ்டார் தியேட்டருக்கு எழுந்தருளினார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். அதற்குமுன் இருமுறை அவரைப் பார்த்தும் ஈர்க்கப்படாத கிரீஷ், இம்முறை நெருங்கி வரத் தொடங்கினார்.

ஒருநாள் இரவு குடிபோதையில் தட்சிணேசுவரம் வந்தார் கிரீஷ். அன்புடன் வரவேற்ற குருதேவர், வண்டியில் ஏதேனும் விட்டுவந்திருந்தால் எடுத்து வருமாறு லாட்டுவை அனுப்பினார். வந்தவை மதுப் புட்டியும் கோப்பையும்! சுற்றியிருந்தோர் சிரித்தனர், கிரீஷ் நாணினார். குருதேவரோ கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை.

மற்றொரு முறை போதையில் குருதேவரையே வாய்க்கு வந்தபடி ஏசினார் கிரீஷ். பக்தர்கள் கொதித்தனர். ராமசந்திர தத்தர் மட்டும், காளிங்கனிடம் நஞ்சுதானே இருந்தது, அதைத்தானே அவன் கண்ணனுக்குத் தர முடிந்தது என்றார். உடனே குருதேவர் வண்டியேறிக் கிரீஷின் வீட்டிற்கே சென்றார். வெட்கத்தால் குன்றியிருந்த கிரீஷுக்கு அந்த வருகையே மறுவாழ்வு ஆயிற்று.

அந்த அடியார் குழுவில் குடியை அறிந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். சுரேந்திரநாத் மித்ரரும் குடித்து வந்தவரே. அருந்துவதை முதலில் காளிதேவிக்கு அர்ப்பணிக்குமாறும், கால் தள்ளாடும் அளவுக்குச் செல்லாதிருக்குமாறும் அவருக்குக் கூறினார் குருதேவர். பக்தி பெருகப் பெருக அவரது குடி தேய்ந்தது. 1886-இல் குருதேவரின் மகாசமாதிக்குப் பின் துறவிச் சீடர்களுக்காக வராகநகரில் வீடு அமர்த்த முன்வந்து பொருள் கொடுத்தவரும் அவரே. கிரீஷோ தம் குடித்தோழர் காளிபத கோஷைக் கைப்பிடித்துக் குருதேவரிடம் அழைத்து வந்தார். அந்தக் காளிபதரின் மனைவி முன்பே கணவரின் நிலைகண்டு வருந்தித் தட்சிணேசுவரத்தில் முறையிட்டுச் சென்றவர்.

காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு குருதேவர் கூறியபோது, அந்த வாக்கைக்கூடத் தம்மால் காக்க இயலாது என்று உண்மையை ஒப்புக்கொண்டார் கிரீஷ். அப்படியானால் தமக்கு வக்காலத்து கொடுத்துவிடுமாறு பணித்தார் குருதேவர். எளிதாக விடுபட்டோம் என்று எண்ணிய கிரீஷ், பின்னர்தான் அதன் ஆழத்தை உணர்ந்தார். நான் செய்வேன் என்று சொல்லும் உரிமை அன்றே போயிற்று. ஒவ்வொரு மூச்சிலும் குருவை நினைக்க வேண்டியதாயிற்று. காலப்போக்கில் குடியும் அவரைவிட்டு அகன்றது. மகனை இழந்த துயரில், 1891-இல் ஜயராம்பாடி சென்று அன்னை ஸ்ரீசாரதாதேவியின் நிழலில் தங்கி ஆறுதல் பெற்றார். பிற்காலத்தில் ஏழைகளுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்துத் தொண்டாற்றினார். 1912 பிப்ரவரி 8-இல் உடல் நீத்தார்.

குருதேவர் கிரீஷைத் தடுக்கவில்லை என்பதைக் குடிப்பதற்கு அனுமதியாகக் கொள்ளலாகாது. அவதார புருஷர் ஒரு சீடரின் உள்ளம் அறிந்து கையாண்ட வழி அது. நாம் கற்க வேண்டியது நல்லிணக்கத்தின் இலக்கணத்தை: வழுக்கி விழுந்தவரை அது விரட்டாது; அதே துன்பத்தை அறிந்தோர் அங்கு இருப்பர்; உண்மையை மறைக்காமல் பேச அங்கு இடமுண்டு; மீண்டவர் மற்றொருவரை அழைத்து வருவார்.

1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவரின் சந்திப்பில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற கூட்டுறவும் இதே இலக்கணத்தில் இயங்குகிறது. கேரளத்திலும் தமிழகத்திலும் அதன் குழுக்கள் உண்டு. கட்டணம் இல்லை, பெயர் வெளிப்படாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக்குழு உண்டு. எல்லைப்புறத்தில் வாழ்வோர், மனம்விட்டுப் பேச வசதியான மொழியில் நடக்கும் கூட்டத்தை விசாரித்துத் தேர்வது நலம். முதல் கூட்டம் பொருந்தவில்லையெனில் வேறொன்றையும் நாடலாம்; கிரீஷுக்கும் முதல் தரிசனத்திலேயே மனம் பொருந்தவில்லை அல்லவா? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் மருத்துவரின் துணையும் இன்றியமையாதது.

அத்தகைய ஒருவர் நம் சத்சங்கத்தின் வாயிலில் வந்து நின்றால், அவரை எவ்வாறு வரவேற்கப் போகிறோம்? கிரீஷின் வீட்டு வாயிலுக்குச் சென்ற குருதேவரின் வண்டி நமக்கு வழிகாட்டட்டும்.