ஜான் ஹண்டர்: சீடர் சொல்லாமல் மறைத்த இதய நோய்

பெரியம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னரைப் பள்ளிப் புத்தகத்திலேயே பார்த்திருப்பீர்கள். அவருடைய குரு ஜான் ஹண்டர், நவீன அறுவை சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். அவர் இறந்த கதை, உங்கள் இதயத்தோடும் சம்பந்தப்பட்டது.

1728-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார் ஹண்டர். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பு ஓடவில்லை. 20 வயதில் லண்டன் போய், அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் தொழில் பிடிபட்டது. பிறகு ராணுவத்தில் மருத்துவராக இருந்தார். 1768-ல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணரானார். மனித உடலோ மிருக உடலோ, தானே அறுத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். அப்படிச் சேர்த்த மாதிரிகள் மட்டும் சுமார் 14,000.

எப்போது ஆரம்பித்தது?

1773-ல், 45 வயதில், அவருக்கு முதல்முறையாகக் கடுமையான வலி வந்தது. அடுத்த 20 வருடங்களில் அது திரும்பத் திரும்ப வந்தது. கோபப்பட்டால் உடனே வரும். தன்னை ஆத்திரப்படுத்துகிறவர் கையில்தான் தன் உயிர் இருக்கிறது என்று அவரே நண்பர்களிடம் சொல்லி வந்தார்.

ஆஞ்சைனா என்ற இந்த நெஞ்சுவலிக்கு அப்போதுதான் பெயரே வைத்திருந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

ஜென்னருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆஞ்சைனாவால் இறந்த ஒருவரின் இதயத்தை அறுத்தபோது, கத்தி ஏதோ கரகரப்பான பொருளில் இடித்தது. கூரையிலிருந்து காரைதான் உதிர்ந்துவிட்டதோ என்று மேலே பார்த்தார். காரை இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளே எலும்புபோல இறுகியிருந்தன.

தமனிக்குள் என்ன நடக்கிறது?

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், தமனியின் உள்சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்களும் கொழுப்பு நிறைந்து அங்கேயே தேங்கிவிடும். வருடக்கணக்கில் இது தடித்து, மேலே நார்ப்படலம் மூடி, கால்சியமும் சேரும். ஜென்னரின் கத்தியில் இடித்தது அந்தக் கால்சியம்தான்.

பாதை குறுகிவிட்டால், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. படியேறும்போதோ கோபப்படும்போதோ இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அது கிடைக்காதபோது வலிக்கும். படலம் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து தமனியை அடைத்துவிடும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

ஏன் சொல்லவில்லை?

குருவுக்கும் இதே நோய்தான் என்று ஜென்னர் ஊகித்துவிட்டார். ஆனால் சிகிச்சை எதுவுமே இல்லாத காலம். சொன்னால் மனசு நோகும், வேறு பலன் இல்லை. ஹண்டரிடம் கடைசிவரை அவர் வாய் திறக்கவில்லை.

1793 அக்டோபர் 16. மருத்துவமனைக் கூட்டத்தில் மாணவர் சேர்க்கை பற்றி வாக்குவாதம். ஒருவர் ஹண்டரை மறுத்துப் பேசினார். அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கேயே சரிந்து இறந்தார். வயது 65. உடற்கூராய்வில், அவருடைய கரோனரி தமனிகளும் எலும்புபோல இறுகியிருந்தது தெரிந்தது. ஜென்னரின் ஊகம் சரிதான்.

உங்களுக்கு என்ன?

அந்த வாக்குவாதம் கடைசித் தூண்டுதல் மட்டும்தான். நோய் 20 வருடங்களுக்கு மேல் உள்ளே இருந்தது. இந்தப் படிவு இருபதுகளிலேயே தொடங்கலாம். இந்தியர்களுக்கு மேற்கத்தியரைவிடச் சிறு வயதிலேயே மாரடைப்பு வருகிறது.

ஜென்னர் மௌனமாக இருக்க ஒரு காரணம் இருந்தது. இன்று அது இல்லை. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளலாம். கட்டுப்படுத்த மாத்திரைகள் இருக்கின்றன. சிகரெட்டை விட்டாலே ஆபத்து குறையும். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் சரியானால், கேஸ் பிரச்சினை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். ஓய்விலும் வலி நிற்காவிட்டால், உடனே 108-ஐ அழையுங்கள்.