கேள்வி கேட்கும் வகுப்பில் அண்ணல் அம்பேத்கர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அண்ணல் அம்பேத்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. காலாப்பட்டில் அரசு சட்டக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரசியல் சட்டத்தைக் கையில் ஏந்திய தலைவராக அவரை நம் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கடல் கடந்து போய், பழக்கமில்லாத பாடமுறைக்கு நடுவே உட்கார்ந்த 22 வயது மாணவராக அவரை அறிந்தவர்கள் குறைவு. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த மாணவரின் கதைதான் இப்போது தேவை.

1891 ஏப்ரல் 14இல் மாவ் நகரில் பிறந்த பீமராவ், சாத்தாராவில் பள்ளிக்குப் போனார். வீட்டிலிருந்து எடுத்துப்போன கோணிப்பையை விரித்து, மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளிக்கு மாறிய பிறகும் சமஸ்கிருதம் படிக்க விடவில்லை. பாரசீகம் படித்தார். கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்கச் சாதி இந்துப் பிள்ளைகள் முண்டியடித்து ஓடினார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பறை ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கும்? வாயை மூடிக்கொண்டு இருக்கக் கற்றுக்கொடுக்கும். 1907இல் மெட்ரிக், 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பி.ஏ. என்று அவர் தேறினார். அந்தக் காலக் கல்லூரிப் படிப்பும் பெரும்பாலும் ஆசிரியர் சொல்வதைக் கேட்டு எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் கொட்டிவிட்டு வருவதுதான்.

1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி காலமானார். அதே ஆண்டு பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மாதம் 11½ பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்தார். படித்து முடித்துப் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். ஜூலையில் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே பாடமுறை வேறு. எந்தப் பாடங்களைப் படிப்பது என்று மாணவரே பெருமளவு தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியர் சொற்பொழிவு ஒரு பங்குதான். மேல்படிப்பில் கருத்தரங்க வகுப்பு என்று ஒன்று உண்டு. ஒரு தலைப்பை எடுத்து, நூலகத்தில் தேடிப் படித்து, கட்டுரை எழுதி, ஆசிரியர் முன்னும் சக மாணவர் முன்னும் வாசிக்க வேண்டும். கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். கோணிப்பையில் தனியே உட்கார்ந்த பிள்ளைக்கு இப்போது பேச்சில் சம பங்கு.

அவர் அந்த முறைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்ட விதம் நாம் படிக்க வேண்டிய பாடம். பட்டத்துக்கு வேண்டியதோடு நிற்கவில்லை. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3 என்று பாடங்களை எடுத்துக்கொண்டே போனார். நம் புதுச்சேரிப் பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே தொடும் பிரெஞ்சு மொழியை அவர் அங்கேதான் அடிப்படையிலிருந்து படித்தார், ஜெர்மனும் அப்படியே. செலவைச் சுருக்கிப் பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்.

செலிக்மன் பொருளாதாரம் நடத்தினார். தத்துவ ஆசிரியர் ஜான் டூயி, கல்வியும் சனநாயகமும் ஒன்றையொன்று தாங்குபவை என்று வாதிட்டவர். இவர்களையும் வகுப்புத் தோழர்களையும் தன் வாழ்வின் மிகச் சிறந்த நண்பர்களாகப் பின்னாளில் அண்ணல் நினைவுகூர்ந்தார்.

1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே 9ஆம் நாள், மானுடவியல் ஆசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றித் தன் கட்டுரையை வாசித்தார். அப்போது வயது 25. சாதியைப் பற்றிப் பெரிய அறிஞர்கள் எழுதியதை எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் எது சரி, எது குறை என்று எடைபோட்டார். சாதிக்குள்ளேயே மணமுடிப்பதுதான் சாதியின் உயிர்நாடி என்றும், உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் அதைக் காக்க வந்தவை என்றும் நிறுவினார். தன்னைத் தள்ளி உட்காரவைத்த ஒன்றையே ஆராய்ச்சிப் பொருளாக்கி மேசைமேல் வைத்தார்.

பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அமெரிக்கப் பட்டம் இருந்தும், ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஆட்சேபம் கிளம்பியது. பணம் சேர்த்துக்கொண்டும் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவியோடும் 1920இல் மறுபடி லண்டன் போனார். ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினார்கள். சோர்ந்து போகவில்லை, திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

கற்ற முறையை ஊருக்கும் கொண்டுவந்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். மாணவர்கள் சட்டங்களை விவாதிக்க அங்கே மாணவர் பாராளுமன்றமே நடந்தது. 1952இல் கொலம்பியா அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

தம்பிகளே, தங்கைகளே! வெளிநாட்டு வகுப்பில் முதல் சில மாதம் வாய் திறக்க வராமல் தவிப்பதை உங்கள் அறிவுக் குறை என்று எண்ணாதீர்கள். அது ஆங்கிலப் பயம் மட்டுமல்ல. நம் பள்ளிக்கூடங்கள் பல தலைமுறையாக நமக்குப் பழக்கிய மௌனம். அதை உடைக்க அண்ணல் காட்டிய வழி எளிது. முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். ஒரு கேள்வியையாவது எழுதி எடுத்துப் போங்கள். திருத்தச் சொன்னால் திருத்துங்கள். உங்கள் தெருவின் கதையையும் ஆராய்ச்சிப் பொருளாக்குங்கள்.

அந்தக் கடைசி வழிக்குத்தான் தடை வந்தது. பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று 2022இல் விதி மாற்றினார்கள். அந்த விதி 1913இல் இருந்திருந்தால், சாதியை ஆராயப் போகிறேன் என்று விண்ணப்பிக்கும் ஒரு பீமராவுக்குக் கப்பல் கட்டணம் கிடைத்திருக்காது. மணிமண்டபத்தில் மாலை போடும்போது இதையும் சேர்த்துக் கேட்போம். கேள்வி கேட்பதுதான் அந்த மாணவர் நமக்கு விட்டுச்சென்ற பழக்கம்.