சாமிநாதையர் ஆசிரியரான வரலாறு

பழந்தமிழ் நூல்கள் பலவற்றை ஏட்டுச் சுவடிகளினின்றும் அச்சில் ஏற்றித் தமிழ் மக்களுக்கு வழங்கிய பெரியார் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அப்பெருந்தொண்டிற்குக் கால்கோளாக அமைந்தது கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த தமிழாசிரியர் பதவியாகும். கல்லூரியில் ஒருநாளேனும் பாடம் சொல்லி அறியாத இளைஞர் ஒருவர் அப்பதவியைப் பெற்ற வரலாறு யாவரும் அறியத்தக்கது.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள உத்தமதானபுரமே அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். மகனையும் இசைவாணராக்க அவர் விரும்பினார். மகனுடைய உள்ளமோ தமிழையே நாடிற்று. வறுமைக்கிடையே பலரிடம் கற்ற அவ்விளைஞர், 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். 1876இல் அப்புலவர் மறையும்வரை உடனிருந்து பாடங்கேட்டார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வாழ்ந்து, மடத்து மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிவந்தார்.

அந்நாளில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் புகழுடன் விளங்கியவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையின் மாணாக்கரே. 1880இல் ஓய்வுபெறக் கருதிய அவர், தம் இடத்திற்குத் தக்கவர் யார் என ஆராய்ந்தார். பட்டம் ஒன்றும் பெறாத சாமிநாதையரே அவர் நினைவுக்கு வந்தார். இவ்விளைஞரின் நினைவாற்றலையும், கற்பதில் சலியாத ஊக்கத்தையும், பாடல்களை இசையோடு சொல்லும் திறத்தையும் செட்டியார் நன்கறிவார். ஆதலின் திருவாவடுதுறைக்குத் தாமே சென்று தம் எண்ணத்தைத் தெரிவித்தார். அன்பிற்குரிய மாணாக்கரைப் பிரியத் தேசிகருக்கு மனமில்லை. எனினும், இளைஞரின் நல்வாழ்வு கருதி இசைந்து, தகுதிச் சான்றும் அளித்து அனுப்பினார்.

செட்டியார் பரிந்துரைத்தார் என்பதற்காகக் கல்லூரியார் உடனே பதவி அளித்துவிடவில்லை. பேராசிரியர்கள் கூடியிருந்து சாமிநாதையரைச் சோதித்தனர். பாடல்களைச் சொல்லிப் பொருள் விரிக்கச் செய்தனர். செய்யுள் இயற்றுமாறும் பணித்தனர். அவர் தயங்காமல் விடையளித்து அனைவரையும் மகிழ்வித்தார். கல்லூரித் தலைவர் கோபாலராவ் அவரை ஏற்றுக்கொண்டார். 1880 பிப்ரவரி 16ஆம் நாள், இருபத்தைந்து வயது நிரம்ப மூன்று நாள் இருக்கையில், சாமிநாதையர் பணியில் அமர்ந்தார். முதல்நாள் வகுப்பில் செட்டியாரும் உடன் அமர்ந்திருந்து அவருக்குத் துணிவூட்டினார். சில நாட்களிலேயே மாணாக்கர்கள் புதிய ஆசிரியரிடம் பேரன்பு கொண்டனர்.

அவ்வாண்டு அக்டோபரில் மற்றொரு சோதனை வந்தது. கும்பகோணத்தில் முனிசீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சாமிநாதையர் கற்ற நூல்களைப்பற்றி வினவினார். அந்தாதிகளும் கலம்பகங்களும் புராணங்களுமாக அவர் அடுக்கிச் சொன்ன பட்டியல் முதலியாருக்கு வியப்பளிக்கவில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்றே அவர் கேட்டார். சாமிநாதையர் அதனைக் கற்றிலர். கற்றது போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. ஏடுகளைத் தேடினார், விளங்காத சமணக் கருத்துகளைச் சமணரிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். ஏழு ஆண்டு உழைப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய அவர், 1919வரை அங்கே பணியாற்றினார். திருவல்லிக்கேணியிலிருந்த தம் இல்லத்திற்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டு, தமக்கு வழிகாட்டியவரிடம் நன்றி பாராட்டினார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அடையாற்றில் அவர் பெயரால் நிறுவப்பட்ட நூல்நிலையம், இன்று சென்னைப் பெசன்ட் நகரில் அவர் தேடிய சுவடிகளைக் காத்துவருகின்றது.

சாமிநாதையர் பின்னாளில் எந்நூல்களால் புகழ்பெற்றாரோ, பதவி ஏற்ற நாளில் அவற்றை அவர் கற்றிருக்கவில்லை. கல்லாததைக் கற்கும் ஆற்றலும் ஊக்கமுமே அவரிடம் இருந்தன. விளையும் பயிரை முளையிலே கண்டு, வயதும் பட்டமும் பாராது இடங்கொடுத்தது செட்டியாரின் சிறப்பு. அளித்த இடத்திற்கு மேன்மேலும் தகுதியுடையவராகத் தம்மை வளர்த்துக்கொண்டது சாமிநாதையரின் சிறப்பு. இவ்விரண்டும் ஒருங்கே கூடியமையால் தமிழ் வாழ்வு பெற்றது.