ஊர் தூற்றிய பெண் சிற்பி

ஜெர்மனியில் மூன்ஸ்டர் என்று ஒரு நகரம். அங்கே ஒரு சிற்பி இருந்தார். அவருடைய மகள் எலிசபெத் நே. பிறந்தது 1833-ம் ஆண்டு.

அப்பாவைப் போலத் தானும் சிற்பி ஆக வேண்டும் என்றாள், மகள். பெற்றோர் மறுத்தார்கள். அவளோ சாப்பிட மறுத்தாள். பட்டினி கிடந்தே காரியத்தைச் சாதித்தாள்!

1852-ல் மியூனிக் கலைப்பள்ளியில் சேர்ந்தாள். அங்கே சிற்பம் கற்ற முதல் பெண் அவள்தான்.

ஞானியும் மன்னரும்

ஷோபன்ஹவர் என்ற தத்துவ ஞானி, பெண்களை மட்டமாக எழுதியவர். அவரே 1859-ல் எலிசபெத் சிலை வடிப்பதற்காக அவர் முன்னே உட்கார்ந்தார்.

இத்தாலி வீரர் கரிபால்டி, ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க், பவேரியா மன்னர் 2-ம் லுட்விக் ஆகியோரின் சிலைகளையும் எலிசபெத் செய்தார்.

மறைத்த திருமணம்

1863-ல் எட்மண்ட் மாண்ட்கோமரி என்ற டாக்டரை மணந்தார். ஆனால் கணவர் பெயரை ஏற்கவில்லை. திருமணம் ஆனதையே வெளியே சொல்லவில்லை.

இருவரும் 1871-ல் அமெரிக்காவில் குடியேறினார்கள். 1873-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெரிய பண்ணையை வாங்கினார்கள்.

எலிசபெத் ஆண்களைப் போலக் குதிரை ஏறினார். விசித்திரமாக உடுத்தினார். தாலி கட்டாத குடித்தனம் என்று நம் ஊரில் பேசுவது போல அந்த ஊரும் பேசியது. அவர் கவலைப்படவில்லை.

விலகிய மகன்

மூத்த மகன் ஆர்தர், தொண்டை அடைப்பான் நோயில் சின்னஞ்சிறு வயதிலேயே இறந்தான்.

இளைய மகன் லார்னைத் தன் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். அதற்காக ஏறக்குறைய 20 ஆண்டுகள் உளியையே ஒதுக்கிவைத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அவனைச் சேரவிடவில்லை. அவனுக்கும் விசித்திரமான உடைதான். பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

வளர்ந்ததும் அவன் தாயிடமிருந்து விலகிப் போனான்.

பெற்றோருக்கும் ஊருக்கும் அடங்காத எலிசபெத், மகன் மட்டும் தன் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்று எண்ணினார். அதில் தோற்றார்.

மீண்டும் உளி

1892-ல் ஆஸ்டின் நகரில் சிற்பக்கூடம் கட்டினார். அப்போது வயது 59. டெக்சாஸின் தலைவர்களான சாம் ஹூஸ்டன், ஸ்டீபன் ஆஸ்டின் இருவரையும் சிலையாக வடித்தார்.

பிறகு லேடி மாக்பெத் சிலையைச் செய்தார். செய்த குற்றம் உறுத்த, தூக்கத்தில் எழுந்து நடக்கும் ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரம் அது. பிசையும் கைகளில் மனவேதனை தெரிகிறது.

1907-ல் எலிசபெத் காலமானார். அவருடைய சிற்பக்கூடம் இன்று அருங்காட்சியகம். ஹூஸ்டன், ஆஸ்டின் சிலைகள் டெக்சாஸ் சட்டசபைக் கட்டடத்திலும், வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்திலும் நிற்கின்றன.

அவரைத் தூற்றிய மாநிலம், தன் தலைவர்களின் முகத்தை அவர் செதுக்கிய கல்லில்தான் பார்க்கிறது.