ரத்தத்தின் ரகசியம் கண்டவர்!

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடுவார்கள். அங்கே ரத்தம் ஏற்றும் முன், முதலில் குரூப் பார்ப்பார்கள். இந்த வழக்கம் வரக் காரணமானவர், கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்.

ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே, 1868 ஜூன் 14ல் பிறந்தார். பத்திரிகையாளரான தந்தை, இவரது ஆறு வயதில் இறந்துவிட, தாய்தான் வளர்த்து ஆளாக்கினார். 1891ல் மருத்துவப் பட்டம் பெற்றவர், அதோடு நிற்காமல் வேதியியலும் படித்தார்.

அந்தக் காலத்தில், ஒருவரது ரத்தத்தை மற்றவருக்கு ஏற்றினால், சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. லாண்ட்ஸ்டெய்னர், தன் ரத்தத்தையும், உடன் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒன்றோடு ஒன்று கலந்து பார்த்தார். சில கலவைகளில் சிவப்பணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. மனித ரத்தம் ஒரே வகை அல்ல என்று, 1901ல் உலகுக்குச் சொன்னார். அவர் கண்ட மூன்று வகைகளே இன்றைய ஏ, பி, ஓ. அடுத்த ஆண்டு, அவரது சகாக்கள் ஏபி வகையைக் கண்டனர்.

அடுத்து ஒரு விசித்திர நோய். குளிர் பட்டதும், சிலருக்கு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். 1904ல், டோனாத் என்ற மருத்துவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். நோயாளியின் ரத்தத்தை ஐஸில் குளிர வைத்து, பின் உடல் சூட்டுக்குக் கொண்டு வந்தார், சிவப்பணுக்கள் உடைந்தன. குளிர வைக்காத ரத்தத்தில் உடையவில்லை. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பொருள், குளிரில் சொந்த அணுக்கள் மீதே ஒட்டிக்கொள்கிறது. சூடானதும் அவை உடைகின்றன. வீட்டுக் காவலாளியே வீட்டுக்காரரை அடிப்பது போலத்தான்!

சளி, காய்ச்சல் வந்துபோன சில சிறு குழந்தைகளுக்கு, இந்நோய் இன்றும் அபூர்வமாக வருகிறது. முகம் வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகும். இரும்புச்சத்து டானிக் மட்டும் கொடுத்தால் இது தீராது. சிவப்பணு மீது ஒட்டியிருப்பது எது என்று பார்க்க, 1945ல் வந்த கூம்ஸ் பரிசோதனையைச் செய்வார்கள். சந்தேகம் வந்தால், லாண்ட்ஸ்டெய்னரின் ஐஸ் பரிசோதனையும் நடக்கும். நேரத்தோடு கண்டுபிடித்து, குளிர் படாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். எனவே குட்டீஸ், உங்களுக்கோ, தம்பி, தங்கைக்கோ சிறுநீர் நிறம் மாறினால், வெட்கப்படாமல் உடனே அம்மாவிடம் சொல்லுங்கள்.

1930ல் லாண்ட்ஸ்டெய்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னும் ஓய்வு எடுக்கவில்லை. 1940ல், வீனர் என்பவரோடு சேர்ந்து ஆர்எச் காரணியைக் கண்டறிந்தார். 1943 ஜூனில், நியூயார்க்கில் தன் ஆய்வகத்திலேயே மாரடைப்பு வந்து, இரண்டு நாளில் காலமானார்.

அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான், உலக ரத்ததான தினமாகக் கொண்டாடுகிறோம்!