மொண்டிசோரி அம்மையார்

எங்கள் ஊரில் நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், மொண்டிசோரிக்குப் போகிறது என்றுதான் சொல்வார்கள். நானும் போனேன். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அங்கே வழக்கமில்லாத காலம் அது. தந்தைக்கு விருப்பமில்லை, தாய்தான் துணை நின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து உடற்கூற்றுப் பயிற்சி செய்ய இடந்தராததால், வகுப்பு முடிந்தபின் தனியே நின்று அதைச் செய்தார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவரானார்.

பிறகு, படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் சென்றார். பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகென் ஆகியோரின் நூல்களைக் கற்று, தொட்டும் பார்த்தும் பழகும் பொருட்களை அவர்களுக்குக் கொடுத்தார். அவர்களிற் சிலர் எழுத வாசிக்கப் பழகி, மற்றப் பிள்ளைகளின் பரீட்சையிலும் தேறினர். எல்லோரும் வியந்தார்கள். அவருக்கோ வேறொரு கவலை வந்தது. இவர்களால் இவ்வளவு முடியுமென்றால், குறையேதுமில்லாத பிள்ளைகள் பாடசாலையில் ஏன் பின்னுக்கு நிற்கிறார்கள்?

விடை தேடி, 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினர். அளவு மாறிய மரத்துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளில் இட்டனர். ஒன்றைப் பிழையாக இட்டால் கடைசித் துண்டுக்கு இடமிருக்காது. பிழையைப் பொருளே காட்டிக்கொடுக்கும். ஆசிரியை கடிந்துகொள்ளத் தேவையில்லை. தானே கண்டு திருத்தியதைப் பிள்ளை மறப்பதுமில்லை. விளையாட்டுச் சாமான்கள் பக்கத்தில் இருந்தும், பிள்ளைகள் இவற்றையே விரும்பி எடுத்தார்கள்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவரை உலகப்போர் இந்தியாவிலேயே தங்கவைத்தது. கொடைக்கானலில் சில காலம் வாழ்ந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் காலமானார்.

இதையெல்லாம் வாசித்த நாட்களில், என் தங்கை பத்துக்கும் நூறுக்கும் வித்தியாசம் புரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அம்மையார் பத்துப் பத்தாகக் கோத்த மணிகளால் எண் கற்பித்தது நினைவுக்கு வந்தது. எங்களிடம் மணியில்லை. பத்துப் புளியங்கொட்டைகளை ஒரு தீப்பெட்டியிலும், அப்படிப் பத்துத் தீப்பெட்டிகளை ஒரு பிஸ்கட் டின்னிலும் போட்டோம். டின்னைக் கவிழ்த்து அவளே எண்ணி, அவளே திரும்ப அடுக்கினாள். அதன்பிறகு நூறு என்றால் அவளுக்கு அந்த டின்தான்.

அம்மையாரின் பெயரைத் தாங்கிய முன்பள்ளிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், கொப்பியில் எத்தனை பக்கம் எழுதினாய் என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்காகவே சில இடங்களில் மரத்துண்டுகள் அலுமாரிக்குள் போய்விட்டன. சுவர் நிறையப் படம் ஒட்டினால் மட்டும் போதாது. பிள்ளையின் கைக்கு வேலை வேண்டும். பெற்றோரே, இன்று என்ன செய்து பார்த்தாய் என்று நாளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.